முதல் பந்தியில் ஆறுமுகம் மாஸ்டர்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வாசலில் போன மாதம் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். 'உணவுப் பழக்கச் சிகிச்சைப் பிரிவு, வியாழன் தோறும்' என்று எழுதியிருக்கிறதாம். எனக்குப் படிக்கத் தெரியாது. நர்ஸ் தேவிதான் சொன்னது. மாட்டின முதல் வியாழனே ஒரு பெரியவர் தூக்குவாளியோடு உள்ளே வந்து, "இங்க சாப்பாடு போடுறாங்களாமே, எலையா தட்டா?" என்று கேட்டிருக்கிறார். தேவி சிரித்து முடித்துவிட்டு எனக்கு போன் போட்டது.

"பெரியப்பா, நீங்க அந்தக் காலத்துல பாத்த கேசெல்லாம் சொல்லுங்க. ஆஸ்பத்திரி மலர்ல போடணும். நீங்க பேசுங்க, நான் எழுதிக்கிறேன்."

அந்தக் காலம் என்று அது சொல்வது கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு கொரோனாவுக்கு முன்னால் நடந்ததெல்லாம் ராஜா காலத்துக் கதைதான். சரி, சொல்கிறேன். ஆனால் நான் மெதுவாகத்தான் சொல்வேன், வழியில் எங்கேயாவது நின்றாலும் நிற்பேன்.

என் பேர் கலியபெருமாள். கடலூர் தேவனாம்பட்டினம். கடலுக்குப் போகிற குடும்பம். எனக்கு மட்டும் படகு அலையைத் தாண்டினாலே குடல் வாய்க்கு வந்துவிடும். எங்கப்பா ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். "இவன் மீன் புடிக்க வரல, மீனுக்கு சோறு போட வரான்" என்று சொல்லிக் கரையில் இறக்கிவிட்டார். எங்க மாமா ஒருத்தர் சிதம்பரத்தில் ஒரு தனியார் மனநல ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன். அவர் சொல்லி உள்ளே போனேன். கொஞ்ச நாள் கூட்டினேன், கொஞ்ச நாள் துணி அலசினேன். அப்புறம் சாப்பாட்டு வண்டியைக் கையில் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அதைத்தான் தள்ளினேன். அப்பா சொன்ன மாதிரியே சோறு போடுகிற வேலைதான் அமைந்தது. மீனுக்குப் பதில் மனுசனுக்கு.

தினமும் கடலூரிலிருந்து பஸ். குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர்கள் இறங்கினால்தான் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். சிதம்பரம் வந்தால் கண்டக்டர் முதுகில் தட்டுவார். பஸ்ஸில் குமட்டாதா என்று தேவி இப்போது குறுக்கே கேட்கிறது. குமட்டாது. ஏன் என்று எனக்கும் தெரியவில்லை.

என் சாப்பாட்டு வண்டியின் பின்சக்கரம் ஒன்று கீச்கீச்சென்று கத்தும். ஒரு நாள் எண்ணெய் விடலாம் என்று குனிந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டார். "கலியபெருமாள், அத தொடாதீங்க. வார்டுக்கே அதான் கடிகாரம்" என்றார். உண்மைதான். சத்தம் கேட்டதும் ஆட்கள் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள்.

டாக்டரம்மா பேர் மங்கையர்க்கரசி. குள்ளமாக இருப்பார். மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருப்பார். எந்த நோயாளி என்ன சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை. "அப்புறம்?" அதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் எதிரே இருக்கிறவர் மிச்சத்தையும் சொல்லிவிடுவார். நான் ஒரு தடவை லீவு கேட்கப் போய், அவர் "அப்புறம்?" என்றதும், காய்ச்சல் இல்லை, மச்சினி பிள்ளைக்குக் காதுகுத்து என்று நானே சொல்லிவிட்டேன். லீவு கொடுத்தார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மதியம் ஒரு மணி ஆனால் என்ன வேலை இருந்தாலும் வைத்துவிட்டு, வார்டு மேசையிலேயே நோயாளிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். புயல் மழையில் கரண்டு இல்லாமல் இருட்டாகக் கிடந்த நாளிலும் சாப்பிட்டார்.

இந்தத் தீனி வியாதியை நான் முதலில் பார்த்தது பெண்ணாடத்துப் பையன் ஒருத்தனிடம். சக்கரை ஆலைப் பக்கம் ஏதோ ஆபீசில் கிளார்க். அவன் அம்மா கூட்டி வந்தார். நான் டீ கொண்டுபோய் வைக்கிறேன், அந்தம்மா சொல்கிறது:

"எம்புள்ள ஒண்ணுமே துன்றதில்லமா. காலையில ரெண்டு வாய் கஞ்சி, அவ்ளோதான். ஆனா சட்டை மட்டும் பத்தாம போயிக்கினே இருக்குது."

"அப்புறம்?"

"தண்ணியில போட்டா சுருங்குதுன்னு துணிக்கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போனேன்."

டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்தார். அந்தம்மாவை என்னோடு வெளியே அனுப்பிவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசினார். அவன் வீட்டில் சாப்பிடுவதில்லை. ஸ்கூட்டர் நிறுத்துகிற கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட், கேக், மிக்சர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தின்பான். வயிறு வலிக்கும், நிறுத்த முடியாது. அழுதுகொண்டே தின்பான்.

எனக்கு அப்போது இது புரியவில்லை. டாக்டரம்மாவிடமே கேட்டேன். "எங்க மச்சான் ஒருத்தன் முதுநகர்ல இருக்கான்மா. புரோட்டா கடைக்காரன் மாவு தீந்துபோச்சுன்னு கும்புடுற வரைக்கும் துன்னுவான். அவனுக்கும் இந்த வியாதியா?"

"தின்னுட்டு என்னா பண்ணுவாரு?"

"ஏப்பம் உட்டுட்டு, சினிமாவுக்குப் போலாமான்னு கேப்பான்."

"அப்போ அவருக்கு வியாதி இல்ல, பசி ஜாஸ்தி. மறைஞ்சு திங்கறது, நிறுத்தணும்னு நெனச்சும் நிறுத்த முடியாம திங்கறது, முடிச்சதும் தன்னையே காறித் துப்பிக்கறது, அது திரும்பத் திரும்ப நடக்கறது. அதான் இது. எவ்ளோ பெரிய ஆளுன்னு பாத்து முடிவு பண்ணக் கூடாது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும்."

இப்போது ஆறுமுகம் மாஸ்டருக்கு வருகிறேன். தன் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம், சாம்பார் விஷயத்தையும் சேர்த்தே சொல்லலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

காடாம்புலியூர்க்காரர். பண்ருட்டி சுற்றுவட்டாரத்தில் கல்யாணச் சமையல் என்றால் அவர்தான். நல்ல உயரம், தொப்பை, பெரிய மீசை. அவரைக் கூட்டி வந்தவன் அவர் பெண்டாட்டியின் தம்பி குமார். மாஸ்டரின் இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் மந்திரித்த கயிறு. கருப்பு, சிவப்பு, மஞ்சள் எல்லாம் இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் பட்டை கட்ட இடம் இல்லாமல் திண்டாடியது.

குமார்தான் பேசினான். "எங்க மாமா வேலை முடிஞ்சி வந்தார்னா யாருக்கும் தெரியாம ஸ்டோர் ரூமுக்குள்ள பூந்துடுவாரு. பழைய சோறு, தேங்கா, வெல்லம், லட்டு, எது இருந்தாலும் துன்னுகினே இருப்பாரு. வயித்துல கீரிப்பூச்சின்னு மருந்து குடுத்தோம். காத்து கருப்புன்னு வேப்பல அடிச்சோம். எங்க அக்கா சமையல்கட்டப் பூட்டி சாவிய தாலிக் கயித்துல கோத்துக்கினு திரியுது."

"அப்புறம்?" என்று டாக்டரம்மா மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்.

மாஸ்டர் மணிக்கட்டில் இருந்த கயிறு ஒன்றைத் திருகினார். பிறகு, "பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு மாப்ள வூட்டு சீர்தட்டுல வைக்க அதிரசம் சுட்டு வச்சிருந்தோம்மா" என்றார். "எல்லாரும் கோயிலுக்குப் போனாங்க. நான் ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டைக்குப் பின்னால ஒக்காந்து பூராத்தையும் துன்னுட்டேன். ருசி கூட தெரியாதும்மா. வாயி பாட்டுக்கு மெல்லும், கண்ணுல தண்ணி பாட்டுக்கு ஊத்தும். தட்டு காலியானதும் பயந்துட்டேன்."

அன்றைக்கு வீட்டில் காவலுக்கு இருந்தவன் குமார் மட்டும்தான். மாமா மூட்டைக்குப் பின்னால் அழுதுகொண்டே மெல்லுவதை அவன் எட்டிப் பார்த்திருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் காலித் தட்டைப் பார்த்து ஆளுக்கொரு பேச்சு பேசினபோது, "நாந்தான் துன்னேன்" என்று அவனே சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டில் அவனுக்கு அதிரசக் குமார் என்று பேர். அவன் போன் போட்டால் கூட, "அதிரசமா பேசுறது?" என்பார்களாம்.

"பொண்ணு கல்யாணத்துல நானே சமைக்கறதா சொல்லிட்டேன்மா" என்றார் மாஸ்டர். "என் கைப்பக்குவத்த வச்சித்தான் அவங்க பொண்ணே எடுக்கறாங்க. ஊட்ல எவளும் சாவி குடுக்க மாட்டேங்குறா. அங்கயும் இப்டி ஆச்சின்னா எம்பொண்ணு எப்டிம்மா அந்த வூட்ல தல நிமிந்து வாழும்? உசுரோட இருந்து என்னா பண்றதுன்னு தோணுது."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் டாக்டரம்மா கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டார். இந்த வியாதிக்கு எல்லாரையும் வார்டில் வைக்கத் தேவையில்லை, வாரா வாரம் வந்து போனால் போதும். ஆனால் அவரைக் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "மாஸ்டர், வேலை நாள்ல நீங்க எப்போ சாப்புடுவீங்க?"

மாஸ்டருக்கு மீசை நிமிர்ந்தது. "சமையக்காரன் கடசிப் பந்தி முடியாம கை நனைக்க மாட்டாம்மா. விடியல்ல அடுப்ப மூட்டுனா, டீத்தண்ணி, வெத்தலபாக்கு, அவ்ளோதான். ருசி கூட பாக்க மாட்டேன். ஆவிய மோந்தே உப்பு சொல்லிடுவேன். எங்கப்பா அப்டி, நானும் அப்டி."

"நாள் பூரா பட்டினி."

"பட்டினின்னு சொல்லாதீங்க. அது ஒரு மரியாதை."

"அப்புறம்?"

மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டார். டாக்டரம்மா சொன்னார்: "நாள் பூரா நெருப்புக்கும் வாசனைக்கும் நடுவுல வயித்தக் காயப்போடுறீங்க. சாயங்காலம் அது கயித்த அறுத்துக்கிட்டு ஓடுது. அடுத்த நாள் வெக்கத்துல, இன்னிக்கி ஒண்ணுமே சாப்புட மாட்டேன்னு சபதம் எடுக்கறீங்க. அது இன்னும் ஜாஸ்தியா ஓடுது. பட்டினி மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், மனசுல வேற பாரமும் இருக்கும், அதையும் பேசுவோம். ஆனா மொதல்ல சாப்பாட்ட நேரத்துல நிறுத்துவோம்."

வைத்தியம் இவ்வளவுதானா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. பத்தியம் இல்லை, கசாயம் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு தடவை சுண்டல், பழம் மாதிரி சின்னதாக ஏதாவது. பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி வந்தால் சாப்பிட்டாக வேண்டும். நின்றுகொண்டு தின்னக் கூடாது. தட்டில் போட்டு, உட்கார்ந்து, யாராவது ஒருத்தரோடு சாப்பிட வேண்டும். இதைத் தொடவே கூடாது என்று எந்தப் பண்டத்துக்கும் தடை கிடையாது. அந்தத் தடைதான் ஆளை ஸ்டோர் ரூமுக்கு இழுக்கிறதாம். மனசு கெட்டுப்போகும்போது தனியாக இருக்காமல் யாரிடமாவது போய்ப் பேச வேண்டும். ஒரு மாத்திரையும் கொடுத்தார். அது மனச்சோர்வுக்கு.

மாஸ்டரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற வேலை எனக்கு. உத்தியோகத்திலேயே சுகமான வேலை என்று நினைத்தேன். ஆனால் சமையல்காரரோடு உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிடுவது லேசான காரியம் இல்லை.

"யோவ் பெருமாளு, இது கூட்டா? சுண்ணாம்பு அடிக்க கரைச்சு வச்ச மாதிரி கீது."

"சாப்புடு மாஸ்டர்."

"கத்திரிக்காய கழுத்தப் புடிச்சி நசுக்கியிருக்கான்யா. கேசு போடலாம்யா இவன் மேல."

பிறகு கரண்டியைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஆவியை ஆழமாக மோந்தார். "உப்பு மட்டும் கரெக்ட்டா போட்டுருக்கான்."

நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். ரத்த அழுத்தக்காரர்களுக்காகத் தனியாக எடுத்து வைத்த கூட்டு, கைமாறி எங்களுக்கு வந்துவிட்டது. உப்பு என்பது மருந்துக்குக்கூட இல்லை. அவர் அப்போது ருசியே தெரியாமல்தான் விழுங்கிக்கொண்டிருந்தார், அந்த நிலைமையில் அதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

நாள் போகப் போக ஆள் தெளிந்து வந்தார். சக்கரம் கத்தினால் அவரே முதலில் கை கழுவிவிட்டு வருவார். டாக்டரம்மாவோடு வாரத்தில் பல தடவை தனியாகப் பேச்சு. என்ன பேசினார்களோ, ஒரு நாள் கையிலிருந்த கயிறுகளில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டு வந்தார்.

அப்புறம்தான் பலாப்பழம் வந்தது.

பக்கத்து கட்டிலில் இருந்தவருக்கு அவர் சொந்தக்காரர்கள் பண்ருட்டியிலிருந்து ஒரு முழுப் பழம் கொண்டுவந்தார்கள். பெட்ஷீட்டு, தலையணை எல்லாம் மணக்கிறது. அன்றைக்குக் காலையில்தான் மாஸ்டருக்கு வீட்டிலிருந்து போன். மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையாமே, வேறு சமையல்காரரைப் பேசலாமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். மதியம் எல்லாரும் கண்ணசந்த நேரம் பார்த்து மாஸ்டர் பழத்தை ஸ்டோர் பக்கம் உருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் நாலு மணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஸ்டோர் கதவுக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கிறார். மீசை, தாடை, விரல் எல்லாம் பலாப் பிசின். சுற்றிலும் கொட்டை. மீசை கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர்.

அந்தப் பிசின் தண்ணீருக்குப் போகாது. தேங்காயெண்ணெய் வாங்கி வந்து அவர் மீசையை நான் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், டாக்டரம்மா வந்து நிற்கிறார்.

"எல்லாம் போச்சும்மா" என்றார் மாஸ்டர். "என்னிய வூட்டுக்கு அனுப்பிடுங்க. இனிமே ஒரு வாரத்துக்கு பச்சத்தண்ணி பல்லுல பட வுடமாட்டேன்."

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "காலையில போன் வந்துச்சா?"

"வந்துச்சி."

"அப்புறம்?"

"நெஞ்சு அடச்சிக்கிச்சி. மத்தியானம் சோறு எறங்கல. பெருமாளு பாக்காதப்ப தட்ட மூடி வச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பழம் வாசன அடிச்சிதும்மா."

"பாருங்க, வழி உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. எந்தப் படியில கால் வழுக்குச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. வழுக்கினவன் எழுந்து நடப்பான், மாஸ்டர். எல்லாம் போச்சுன்னு யாரும் அங்கயே படுத்துக்க மாட்டாங்க." என் பக்கம் திரும்பி, "சாயங்காலச் சாப்பாடு எப்பவும் போல இவருக்குக் கொண்டாங்க. பட்டினி வேணாம், கொஞ்சமா சாப்புட்டாலும் போதும்" என்றார்.

எனக்கு ஆச்சரியம். ஒரு பலாப்பழத்தைத் தின்ற ஆளுக்கு இட்லியா? ஆனால் கொண்டுபோனேன். மாஸ்டர் ஒரு இட்லி சாப்பிட்டார், எண்ணெய் மீசையோடு. அடுத்த நாள் காலையில் சபதம் கிபதம் எதுவும் இல்லாமல் வண்டிச் சத்தத்துக்கு எழுந்து வந்தார். அதற்கப்புறமும் அவர் வழுக்கினது உண்டு. முன்பு மாதிரி அடிக்கடி இல்லை. வழுக்கினால் மறைக்காமல் போன் போட்டுச் சொல்லிவிடுவார். இன்றைக்கும் அப்படித்தான்.

அவரை வீட்டுக்கு அனுப்புகிற அன்று பெண்டாட்டி செல்வராணி வந்தார். கழுத்தில் தாலியோடு சாவியும் ஆடுகிறது. "மாப்ள வூட்டுல ஒத்துக்கினாங்க, கல்யாணத்துல இவருதான் சமைப்பேன்னு நிக்கிறாரும்மா. சாவிய குடுக்கலாமா வேணாமா?"

"சாவி யார்கிட்ட இருந்தாலும் பசி அவர்கிட்டதான இருக்கு" என்றார் டாக்டரம்மா. "குடுத்துடுங்க. ஆனா ஒரு கண்டிசன். மதியச் சாப்பாட்ட மாஸ்டர் மொதல் பந்தியில ஒக்காந்து சாப்புடணும்."

செல்வராணி வாயில் கையை வைத்துக்கொண்டார். "பொண்ணப் பெத்தவன் மொதல் பந்தியிலயா? சமையக்காரன் வேற! ஊரே காறித் துப்பும்மா!"

"நானும் பக்கத்து எலையில ஒக்காருறேன். சேத்து துப்பட்டும்."

கல்யாணம் பண்ருட்டியில் ஒரு மண்டபத்தில். நானும் டாக்டரம்மாவும் போனோம். காலையில் குமார் கடையில் இட்லி வாங்கி வந்து, அடுப்பிலிருந்து மாமாவை இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்துச் சாப்பிட வைத்திருந்தான். தாலி கட்டியாயிற்று. முதல் பந்திக்கு இலை போட்டார்கள். டாக்டரம்மா உட்கார்ந்தார், நான் ஒரு பக்கம், நடுவில் ஒரு இலை காலி. மாஸ்டர் கரண்டியோடு சமையல்கட்டு வாசலில் நிற்கிறார். மண்டபத்து ஸ்டோர் சாவி அவர் இடுப்பில். அவருடைய ஆட்கள் எல்லாம் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அவர் கால் ஒரு அடி இந்தப் பக்கம் வரும், மறுபடி அந்தப் பக்கம் போகும்.

குமார்தான் கரண்டியைப் பிடுங்கினான். "மாமா, போய் ஒக்காரு. பெருமாளு அண்ணன் எலைய ஆட்டய போட்டுடுவாரு."

உட்கார்ந்தார். மண்டபத்தில் பேச்சு கொஞ்சம் குறைந்தது. குமாரையும் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருத்தர், பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் குமாரிடம் வந்தார். "நம்ம அதிரசக் குமாருக்குப் பத்தாதே" என்று அவன் இலையில் அதிரசமாக அடுக்கினார். அந்த வரிசையே சிரித்தது. குமாரும் சிரித்தான். அது பழகின சிரிப்பு.

மாஸ்டர் கையை நீட்டி, குமார் இலையில் இருந்த அதிரசத்தையெல்லாம் தன் இலைக்கு மாற்றினார்.

"சம்மந்தி, அன்னிக்கி துன்னது நான். இவன் இல்ல."

சிரிப்பு நின்றது.

"எனக்கு ஒரு வியாதி. இந்தம்மாதான் வைத்தியம் பாக்கறாங்க. இவன் என்னியக் காப்பாத்த பழிய வாங்கிக்கினான். இனிமே யாராவது எம்மச்சான அதிரசம்னு கூப்டீங்கன்னா, மறுவூட்டுக்கு நான் சமைக்க மாட்டேன்."

சித்தப்பா தட்டோடு அப்படியே நின்றார். மாப்பிள்ளையின் அப்பா பெரிய மனுசர். எழுந்து வந்து தட்டைத் தம்பி கையிலிருந்து வாங்கி, "மறுவூட்டு சமையல கெடுத்துடாதடா, போய் ஒக்காரு" என்றார். அதற்குச் சிரித்தவர்களில் குமார் சத்தம்தான் பெரிசாகக் கேட்டது.

மாஸ்டர் ஒரு அதிரசம் எடுத்து மெதுவாகத் தின்றார். மிச்சத்தை இலை ஓரத்துக்குத் தள்ளினார். அந்த ஓரத்துக்கும் அவர் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வராணியும் தூணுக்குப் பக்கத்திலிருந்து அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கை அந்தப் பக்கம் போகவில்லை, சோற்றுக்குப் போனது.

சாம்பார் வந்தது. பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். மீசை அசையாமல் நின்றது. இன்னொரு வாய் வைத்தார்.

"டேய்! சாம்பார்ல உப்பே இல்லடா!"

சமையல்கட்டு வாசலில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவரிடம் ரொம்ப காலமாக இருக்கிற காய்வெட்டி ஒருத்தர் மெதுவாகச் சொன்னார்:

"அதுக்குத்தான மாஸ்டர் நாம எலையில மொதல்ல உப்பு வக்கிறோம்."

"என்னிக்கிலேந்துடா இப்டி?"

"நான் வந்ததுலேந்து இப்டித்தான்."

"ஏன்டா ஒருத்தனும் சொல்லல?"

"நீங்க கண்ண மூடிக்கினு மோந்துட்டு கரெக்ட்டுன்னு சொல்லும்போது யார் மாஸ்டர் சொல்றது? கையில அம்மாம் பெரிய கரண்டி வேற."

நான் வார்டுக் கூட்டைப் பற்றி அப்போதும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் இலையின் மூலையில் இருந்த உப்பைக் கிள்ளிப் போட்டு, நன்றாகப் பிசைந்து, சாப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு வாய்க்கும் தலையை ஆட்டிக்கொண்டார், புது ஊருக்கு வந்தவர் தெருவைப் பார்க்கிற மாதிரி.

"அப்புறம்?" என்றார் டாக்டரம்மா.

"அப்புறம் என்னாம்மா, ரசம்" என்று மாஸ்டர் சோற்றில் குழி பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார்.